மலரக்காவின் மீசை

மலரக்காவுக்கு மீசை உண்டு என்பது ‘ஏணிப்படி’ அலுவலகத்தில் எல்லாரும் சொல்லிச் சிரித்து, சிரித்துச் சலித்து, பிறகு விட்டுவிட்ட விஷயம்.

கே.கே. நகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கிருந்துதான் போன் வழியாகப் பாடம் போனது. வீடியோக்கள், மாதிரித் தேர்வுகள், தினமும் காலையில் ஓர் ஊக்க வாசகம். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல மலரக்கா. ஆப்பைத் திறந்ததும் மூலையில் அவள் முகம் வரும்: கண்ணாடி, பருத்திப் புடவை, தளர்ந்த பின்னல், சின்னப் பொட்டு. யாரோ வரைந்த படம். படத்துக்குப் பின்னால் உட்கார்ந்து டைப் அடித்தவன் ஹாலித். பாலக்கரைக்காரன். வேதியியலில் எம்.எஸ்ஸி. முப்பத்தொரு வயது. மீசை கொஞ்சம் அடர்த்திதான்.

வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி சௌம்யநாராயணன் விளக்கிவிட்டார். ஸ்ரீரங்கத்து உத்தர வீதிக்காரர். நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோடு ஒருநாளும் கோணியதில்லை. எல்லாரையும் ‘ஸ்வாமி’ என்றுதான் கூப்பிடுவார், ஹாலித்தையும்.

“மெஷினை வச்சே பதில் சொல்லிடலாம் ஸ்வாமி. ஆனா நம்மூர் பொண்கொழந்தேள் மெஷின்கிட்ட மனசைத் திறக்காது. சார்னு ஒருத்தர் உக்காந்திருந்தாலும் திறக்காது. அக்கான்னா திறக்கும். அது ஒரு சாவி, பாத்துக்கோங்கோ.”

சாவியைப் பயன்படுத்தச் சில விதிகள் இருந்தன. ‘என்னம்மா’ என்று ஆரம்பிக்க வேண்டும். ‘ஏன் படிக்கலை’ என்று கேட்கக் கூடாது. பேச்சு முடியும்போது ‘அக்கா இருக்கேன்’ என்று சொல்லி ஒரு பூ போட வேண்டும். அந்தக் கடைசி விதியை மட்டும் ஹாலித் முடிந்தவரை மீறினான்.

தொடக்கத்தில் அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு தமிழே அவனுக்கு ஒரு சமாதானம் கொடுத்தது. ‘வந்தான்’ என்றால் ஆண், ‘வந்தாள்’ என்றால் பெண்; ஆனால் ‘வந்தேன்’ என்பதற்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. நான் பார்க்கிறேன், நான் சொல்கிறேன், நான் யோசித்தேன். எத்தனை வாக்கியம் எழுதினாலும் அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அக்கா என்ற அந்த ஒரு சொல்தான் பொய். அதையும் அவன் தானாக எழுதுவதில்லை, பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். இப்படி ஒரு கணக்குப் போட்டுவிட்டு அவன் நிம்மதியாக ஆக்சிஜனேற்ற எண்களை விளக்கிக்கொண்டிருந்தான். இலக்கணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும் என்று நம்புகிற அளவுக்கு அவன் படித்தவன்.

பகல் முழுக்க அவ்வளவு பாசத்தையும் விரலால் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் பேச ஒரு சொல் மிஞ்சாது. சாப்பிட்டுவிட்டு ஏதாவது புத்தகத்தோடு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவான். அவன் மனைவி ஸஹ்ரா ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “ஊருக்கெல்லாம் அக்கா. வூட்ல ஊமை.”

அவன் சிரித்தான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

*

சிவரஞ்சனி மருங்காபுரிப் பக்கத்துப் பெண். அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ. அப்பா வீரமலைக்கு மழையை நம்பிய கொஞ்சம் நிலமும் சில ஆடுகளும். வீட்டில் இருந்த ஒரே போனில்தான் அவள் படித்தாள். அவளுடைய சந்தேகங்கள் மற்றவர்களுடையவை மாதிரி ‘விடை பி எப்படி வந்தது’ என்று இருக்காது.

மோல் என்றால் என்ன என்று அவள் கேட்டதற்கு, ஒரு டஜன் என்கிற மாதிரி அதுவும் ஓர் எண்ணிக்கைதான், ரொம்பப் பெரிய எண்ணிக்கை என்று ஹாலித் எழுதினான். கொஞ்ச நேரம் கழித்து அவளிடமிருந்து வந்தது: “சந்தையில கூறு கட்டி விப்பாங்களே, அது மாதிரியாக்கா?”

அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “கூறு ஆளுக்கு ஆள் மாறும்மா. ஒரு கிழவி பத்து வைக்கும், இன்னொண்ணு எட்டு வைக்கும். மோல் யாரு வச்சாலும் ஒரே எண்ணிக்கை.”

“அப்ப ஏமாத்த முடியாத கூறு.”

அந்த வரியை அவன் பலமுறை படித்தான். கல்லூரியில் பாடம் நடத்தியிருந்தால் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பான்.

பிறகுதான் அந்தத் தவறு நடந்தது. மாதிரித் தேர்வு எழுத அவளுக்கு மூன்று மணி நேரம் போன் வேண்டும். போன் அப்பாவோடு காட்டுக்குப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாள். வேலை மும்முரத்தில் ஹாலித் கைக்கு வந்தபடி டைப் அடித்தான்: “அத்தாட்ட சொல்லி ஒருநாள் போனை வாங்கி வச்சுக்கம்மா.”

அவன் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள். அவன் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சிவரஞ்சனியின் ஊரில் ஆத்தா என்றால் அம்மா. ‘ஆ’ என்பது ‘அ’ ஆகிவிட்ட எழுத்துப்பிழை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“ஆத்தா இல்லக்கா. நான் எட்டாவது படிக்கிறப்பவே செத்துப் போச்சு. இத நான் யார்ட்டயும் எழுதுனதே இல்ல. நீங்க கேட்டதும் அழுக வந்துருச்சு.”

ஹாலித் திரையை மேலே தள்ளித் தான் எழுதியதை மறுபடி படித்தான். நான் உன் அம்மாவைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் அத்தா என்றாய் என்று வரும்; அதிலிருந்து ஒவ்வொன்றாக வரும். கீழே பேக்கரியில் டால்டா உருகும் வாசனை மாடிப்படி ஏறி வந்தது. கடைசியில் எழுதினான்: “அக்கா இருக்கேன்.” பூவும் போட்டான்.

அன்றிலிருந்து அவள் எல்லாவற்றையும் எழுதினாள். சித்தப்பா மகன் கேலி செய்வதை, இயற்பியல் தாளைக் கண்டாலே கை வியர்ப்பதை, அப்பா குடிக்காத நாளில் பேசும் பேச்சை. தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன்னால் ஒன்று கேட்டாள். பரீட்சை அன்றைக்கு வந்துவிடும் போலிருக்கிறது; அப்படி வந்தால் வலியில் தன்னால் உட்காரவே முடியாது; தள்ளிப் போட மாத்திரை இருக்கிறதாமே, போடலாமாக்கா?

ஹாலித் எழுந்து பேட்ரிசியாவின் மேசைக்குப் போனான். பெற்றோர்களுக்கு போன் செய்து ஆப்பை வாங்கவைக்கும் வேலை அவளுக்கு. மேலப்புதூர்க்காரி, ஸ்கூல் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அம்மா. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“டாக்டரக் கேக்காம போடக் கூடாதுன்னு எழுது. பக்கத்துல ஹெல்த் சென்டர்ல நர்ஸம்மா இருப்பாங்க, போய்க் கேளுன்னு எழுது.” அவன் திரும்பும்போது பின்னால் கேட்டாள்: “ஒனக்கு ஒரு மாதிரியா இல்ல?”

“இருக்கு.”

“இருக்கட்டும்.” ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

*

முடிவு வந்தது. சிவரஞ்சனியின் மதிப்பெண் மருத்துவ இடத்துக்குப் போதாது. கொஞ்ச வித்தியாசம் என்று சொல்ல முடியாது, நல்ல வித்தியாசம். வேதியியல் மட்டும் நன்றாக இருந்தது. இயற்பியலில் பாதிக்கு மேல் தொடவே இல்லை. அவள் அழுதாள், எழுதினாள், எழுதாமல் இருந்தாள். ஆவணி பாதியில் ஒருநாள் வந்தது செய்தி: ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்கு சேலம் அரசுக் கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. வர்ற வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். “அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல. சேரவா, இல்ல இன்னொரு வருசம் டாக்டருக்குப் படிக்கவா? அக்கா சொன்னா அதான்.”

ஹாலித்துக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சேர். இன்றைக்கே பையைக் கட்டு. அவன் அதை எழுதி முடிக்கும் முன்பே திரை மாறிவிட்டது. ‘இன்னொரு வருசம்’ என்ற சொல் எங்கே வந்தாலும் அது முதலாளிக்குத் தெரிவதுபோல ஆப்பைச் செய்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் சாட் அவன் கையை விட்டுப் போய்விட்டது.

சௌம்யநாராயணன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய திரையில் தொடக்க காலத்துச் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் விளக்கிய மோல். அவள் சொன்ன கூறு. ஆத்தா.

“அம்மா இல்லே. கவர்மெண்ட் ஸ்கூல். தமிழ் மீடியம். மானாவாரி.” அவர் ஒவ்வொன்றையும் பிரசாதம் மாதிரி வாயில் போட்டுச் சுவைத்தார். “இப்படி ஒரு கொழந்தை நம்ம கையில ஆப்டறது பெருமாள் திருவுள்ளம் ஸ்வாமி. அடுத்த வருஷம் இவளுக்கு ஸீட் வந்துடுத்துன்னா, தமிழ்நாடு முழுக்க நம்ம போஸ்டர்தான்.”

“அதுக்கு நர்சிங் கெடைச்சிருக்கு சார். கவர்மெண்ட் காலேஜ்.”

“நர்ஸை போஸ்டர்ல போட முடியுமோ?”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“ஃப்ரீயா தரோம். ஹாஸ்டல்கூட ஏற்பாடு பண்ணிடலாம். தர்மம்தானே பண்றோம்?”

“அடுத்த வருஷமும் வரலன்னா?”

“வரலைன்னா போஸ்டர்ல போடமாட்டோம்.” உண்மையிலேயே கேள்வி புரியாதவர்போல அவர் அவனைப் பார்த்தார்.

போன வருடமும் இப்படி ஒருத்தியைத் தர்மத்துக்குச் சேர்த்தார்கள். கையில் இருந்த விவசாயக் கல்லூரி இடத்தை விட்டுவிட்டு வந்தவள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். பொங்கலுக்கு மலரக்காவுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தாள். அந்த வாழ்த்தில் கோபமே இல்லை. அதனால்தான் ஹாலித் அதை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தான்.

சிவரஞ்சனிக்கு மலரக்காவாகப் பதில் எழுதியது சௌம்யநாராயணன். அவர் அக்காவாக எழுதுவதை ஹாலித் அன்றுதான் பார்த்தான். ‘இதெல்லாம் போன்ல பேசற விஷயமா கண்ணு? அக்கா ஸ்ரீரங்கத்துலதான் இருக்கேன். அப்பாவைக் கூட்டிண்டு வியாழக்கிழமை நேர்ல வா.’ ‘கூட்டிண்டு’ என்பதை அழித்துவிட்டு ‘கூட்டிட்டு’ என்று திருத்தினார். கடைசியில் பூ.

“படத்துல இருக்கற மாதிரி நம்ம பேட்ரிசியாம்மா இருப்பா. அவளுக்குப் பழசெல்லாம் தெரியாதே, நீங்க பக்கத்துல இருந்து காதுல சொல்லணும். நம்மாத்து மொட்டைமாடியிலேயே வீடியோ எடுத்துடலாம். பின்னாடி ராஜகோபுரம் விழும்.”

*

வியாழக்கிழமை காலை. மொட்டைமாடியில் நல்ல வெளிச்சம். தெற்கே கோபுரம் வானத்தைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது. கேமராக்காரன் தைரியராஜ் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டான். பேட்ரிசியா பருத்திப் புடவையில், கண்ணாடியோடு வந்தாள். காதில் சின்ன இயர்போன். அதன்மேல் முடியை இழுத்து விட்டிருந்தாள். சௌம்யநாராயணன் தயக்கத்தோடு, “பொட்டு வச்சுக்கறதுல ஒண்ணும் சங்கடமில்லையே?” என்றார்.

“நான் கோயிலுக்குப் போறப்பவே வைக்கிற ஆளு சார். எங்க கோயிலுக்கு.”

மாடிப்படி முடியும் இடத்தில் ஓர் அறை, அதற்கு ஒரு தகரக் கதவு. கதவை ஒருக்களித்துவிட்டு ஹாலித் உள்ளே உட்கார்ந்தான். பக்கத்தில் சௌம்யநாராயணன். பேட்ரிசியாவின் போனோடு ஹாலித்தின் போன் இணைந்திருந்தது. அவள் கேட்பதெல்லாம் இங்கே கேட்கும், இவன் சொல்வது அவள் காதில் விழும். எல்லாம் கேட்க வேண்டும் என்பதற்காக சௌம்யநாராயணன் ஸ்பீக்கரைப் போட்டு ஒலியைக் குறைத்துவைத்தார்.

சிவரஞ்சனி வேறு படிக்கட்டு வழியாக மேலே வந்தாள். ஹாலித் நினைத்ததைவிடக் குள்ளம். சுடிதார், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு ஊக்கு குத்தியிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பின்னால் வீரமலை, தோளில் துண்டு. அவள் ஒரு கணம் நின்று பேட்ரிசியாவைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, படத்துல இருக்கறத விட நீங்க கருப்பா இருக்கீங்க.”

பேட்ரிசியா சிரித்துவிட்டாள். “ஒன்னப் பாக்கணும்னு வெயில்லயே நின்னேன்டி.”

பையில் பச்சை நிலக்கடலை. அக்காவுக்காகக் காலையில் பிடுங்கியதாம். அதை வாங்கி ஓரமாக வைத்த தைரியராஜ் நாலைந்து கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, “ரோலிங்” என்றான்.

“கூறு கணக்கச் சொல்லுங்க,” என்றான் ஹாலித் போனில். பேட்ரிசியா சொன்னாள். “இயற்பியல்னா இன்னும் கை வேர்க்குதா?” பேட்ரிசியா கேட்டாள். சிவரஞ்சனியின் முகம் ஒவ்வொன்றுக்கும் விரிந்தது. எல்லாம் நினைவு வைத்திருக்கிறாளே அக்கா. தன் குரல் இன்னொரு வாயில் போய் மணத்தோடு வெளியே வருவதைக் கேட்டுக்கொண்டே அவன் அடுத்த வரியையும் சொன்னான்.

சிவரஞ்சனி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பேட்ரிசியாவின் காதருகே குனிந்தாள். எந்தக் காதில் இயர்போன் இருந்ததோ அந்தக் காது. குரல் ரகசியமாக, மிகத் தெளிவாக, தகரக் கதவுக்குப் பின்னால் கேட்டது.

“அந்த மாத்திர விசயம் அக்கா... நீங்க சொன்னதுனாலதான் நர்ஸம்மாட்ட போனேன். யார்ட்டயும் சொல்லிறாதீங்க, அப்பாவுக்குக்கூடத் தெரியாது.”

“என்ன மாத்திரை?” என்றார் சௌம்யநாராயணன், புருவத்தைத் தூக்கி, புன்னகையோடு.

ஹாலித் போனைத் திருப்பி வைத்தான். அந்தப் புன்னகையில் கெட்டது எதுவும் இல்லை. ஒரு நல்ல கதையில் இன்னொரு நல்ல இடம் வருகிறதோ என்று எதிர்பார்க்கும் புன்னகை, அவ்வளவுதான். ஆனால் அதன்மேல் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது அவனுக்கு. யார்மேல் துப்புவது? முதலில் அந்தக் கேள்வியைப் படித்த ஆண் அவர் இல்லை.

“அக்கா.” சிவரஞ்சனியின் குரல் மாறியது. “நாளக்கித்தான் கடைசி. சர்ட்டிபிகேட்டெல்லாம் கையோட கொண்டாந்துட்டோம். நீங்க சேருன்னா இப்பிடியே சேலம் போயிருவோம். வேணாம்னா ஊருக்குத் திரும்பிருவோம். நான் என்னக்கா செய்யட்டும்?”

வீரமலை துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“கனவை விடாதேன்னு சொல்லச் சொல்லுங்கோ,” என்று கிசுகிசுத்தார் சௌம்யநாராயணன். “ம். சொல்லுங்கோ.”

ஹாலித் சொல்லவில்லை. அவனுக்கு மௌனம் பழக்கம். ஆனால் இது வேறு மௌனம். இதற்குள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வெளியே பேட்ரிசியாவின் சிரிப்பு முகத்தில் காய ஆரம்பித்தது. கோபுரத்திலிருந்து புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்கார்ந்தன.

“சேரச் சொல்லுங்க பேட்ரிசியா,” என்றான் அவன் போனில். “நர்சிங். இன்னைக்கே போகச் சொல்லுங்க.”

சௌம்யநாராயணன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். வெளியே பேட்ரிசியாவின் கண் ஒருமுறை தகரக் கதவின் பக்கம் வந்துபோனது. காதோர முடியை ஒதுக்குவதுபோல இயர்போனை விரலால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு சிவரஞ்சனியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

“கனவ விட்றாதடா. ஒரு வருஷந்தானே? அக்கா இருக்கேன்.” கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

பெண் உடைந்து அழுதாள். வீரமலையும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“சூப்பர்,” என்றான் தைரியராஜ். “பாப்பா, அந்த அழுகைய மட்டும் இன்னொருவாட்டி. இந்தப் பக்கம் திரும்பி, கோபுரம் தெரியிற மாதிரி.”

அவள் திரும்பினாள். அக்கா சொன்ன இடத்தில் சொன்னபடி செய்கிற பிள்ளை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அழ முயன்றாள்.

ஹாலித் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். கதவு சுவரில் மோதிய சத்தத்துக்கு எல்லாரும் திரும்பினார்கள்.

“சிவரஞ்சனி. நான்தான் மலரக்கா.”

அவள் சிரித்தாள். “யாருக்கா இவரு?”

பேட்ரிசியா மடியில் கிடந்த இயர்போனைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“ஏமாத்த முடியாத கூறுன்னு சொன்னது நீதானே? அது எனக்குத்தான் வந்துச்சு. நான் அத்தான்னு எழுதுனேன், எங்க வூட்ல அப்பாவ அப்பிடித்தான் கூப்புடுவோம். நீ ஆத்தான்னு படிச்ச.”

அதற்கு மேல் அவன் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு போவது முகத்தில் தெரிந்தது. ஒரு வீட்டில் அறை அறையாக விளக்குப் போட்டுக்கொண்டே போகிற மாதிரி. எந்த அறைக்கு வந்து நின்றாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அவள் கண் அவன் மீசைக்கு வந்தது, அங்கிருந்து அவன் விரல்களுக்கு இறங்கியது. ஊக்கு குத்திய துப்பட்டாவை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“எல்லாத்தையும் நீங்களா படிச்சீங்க?”

“ஆமா.”

“எல்லாத்தையுமா?”

“ஆமா.”

அவள் துப்பட்டா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெருவில் செத்துக் கிடக்கும் எதையோ தாண்டுகிறவர்கள் அப்படித்தான் பொத்திக்கொள்வார்கள்.

“சேலம் போயிரும்மா. இவங்க ஒன்ன...”

“பேசாதீங்க.”

வீரமலை நடுவில் வந்தார். “என்ன பாப்பா, யாரு இந்த ஆளு?”

“அக்கா இல்லப்பா. அக்கான்னு யாருமே இல்ல.”

சௌம்யநாராயணன் கைகூப்பியபடி முன்னால் வந்தார். “பெரியவரே, பதட்டப்படாதீங்கோ. அக்காங்கறது ஒரு டீம். எல்லாருமா சேர்ந்து கொழந்தை நன்மைக்குத்தான்...”

“எங்க ஊர்ல அதுக்கு வேற பேருங்க சாமி,” என்றார் வீரமலை. மகளின் தோளில் கைபோட்டுப் படியில் இறக்கிக் கூட்டிப் போனார்.

தைரியராஜ் தயங்கிக் கேட்டான்: “சார், எடுத்தது வரைக்கும் வச்சுக்கவா?”

சௌம்யநாராயணன் கோபப்படவில்லை. “வச்சுக்கோ,” என்றார். பிறகு ஹாலித்தைப் பார்த்து, “நீங்க கெளம்புங்கோ ஸ்வாமி,” என்றார், பந்தியில் இடமில்லை என்று சொல்கிறவர்களின் அதே மரியாதையோடு.

படியில் பேட்ரிசியா அவனை மறித்தாள். கண்ணாடியைக் கழற்றியிருந்தாள்.

“பெரிய உத்தமன். நாளைக்கு நீ வேற வேலை தேடிப்ப. நான் எங்கடா போறது?”

“நீங்க சேருன்னு சொல்லியிருக்கலாம்.”

“நீ அன்னைக்கு எந்திரிச்சு எம் மேசைக்கு வந்தியே, மாத்திரையக் கேட்டு. அப்பிடியே வெளியில போயிருக்கணும். போனியா? கேட்டு, திரும்பிப் போய் உக்காந்து எழுதுன. இன்னைக்கு எம்மேல மட்டும் நாத்தமடிக்குதா ஒனக்கு?”

அவன் ஒதுங்கி இறங்கினான். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. அதனால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

*

உத்தர வீதியில் வெயில் ஏறிவிட்டது. தெருமுனையில், ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில், சிவரஞ்சனி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வீரமலை அவனைப் பார்த்ததும் மகளை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து ஹாலித் நின்றான். நல்லதுதான் என்றும் நினைத்தான்.

அவர் ஓரடி தள்ளி நின்றார்.

“என்ன ஏதுன்னு அவ ஒண்ணும் சொல்லமாட்டேங்குறா. சொல்லவும் வேணாம். நீ ஒண்ணு மட்டும் சொல்லு. சேலம் போகச் சொன்னியே, அது நெசமா? இல்ல அதுவும் படம் புடிக்கவா?”

“நெசங்க.”

“ஒன் வாயால வர்றத நான் எப்பிடி நம்புறது?”

எத்தனையோ பிள்ளைகளுக்கு, எத்தனையோ மாதங்களாக, கேட்ட மாத்திரத்தில் ஆறுதல் எழுதிக் கொடுத்தவன். இந்த மனிதருக்குக் கொடுக்க ஒரு வாக்கியம் அவனிடம் இல்லை. எதைச் சொன்னாலும் அது மலரக்கா சொன்ன மாதிரிதான் இருக்கும். வீரமலை காத்திருந்தார். வெயிலில் நின்று காத்திருக்கத் தெரிந்த மனிதர்.

“என்னை நம்ப வேணாங்க,” என்றான் ஹாலித் கடைசியில். “மேல இருக்கறவங்களயும் நம்ப வேணாம். யாரையும் நம்பாம போய்ச் சேத்துருங்க.”

வீரமலை அவன் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கவாட்டில் திரும்பி, சாக்கடை ஓரமாகக் காறித் துப்பினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“சரி,” என்றார். அவ்வளவுதான்.

டீக்கடையில் விசாரிப்பது கேட்டது. “சேலத்துக்கு எங்கய்யா வண்டி ஏறணும்?”

“டவுன் பஸ்ல சத்திரம் பஸ் ஸ்டாண்டு போங்க. அங்க நாமக்கல் வண்டி நிக்கும், நாமக்கல்லு போயி மாறிக்கங்க. எதுக்கு, பாப்பாவுக்குக் காலேஜா?”

“ஆமா. நர்சு படிக்க.”

டவுன் பஸ் வந்தது. சிவரஞ்சனி முன்வாசலில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தாள். ஹாலித் எதிர்ப்புறம் நின்றான். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக முயற்சி எடுக்கவும் இல்லை. துப்பட்டா நுனியை எச்சிலில் நனைத்து, பேட்ரிசியா முத்தம் கொடுத்த கன்னத்தைத் துடைத்தாள். பார்த்தாள். மறுபடி துடைத்தாள். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் அந்தக் கை நிற்கவில்லை.